உறையக் கூடாத சாமான்கள்

நவம்பர் 10

இந்த வருடத்தின் கடைசிக் காரை இன்று முடித்தேன். ஒரு பல் வைத்தியருடைய கறுப்பு வான். துடைத்து முடிப்பதற்குள் தரையில் ஓடிய தண்ணீர் கண்ணாடி போல் இறுகிவிட்டது. விரல்களை அசைக்க முடியவில்லை. வைத்தியர் வானைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நல்லாக் கழுவியிருக்கிறீங்கள்" என்றார். கழுவினேனாம்! நாள் முழுக்க முதுகு முறிய மெருகேற்றினவனுக்கு இதுதான் பட்டம்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டிலும் இதே கதைதான். "இவர் பாலேந்திரா, ஒஷாவாவில கார் கழுவுறவர்" என்று ஒருவர் அறிமுகம் செய்து வைத்தார். பக்கத்தில் நின்ற என் மனைவி ரஞ்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் சிரித்தாள்.

இந்தக் குறிப்பை எழுதத் தொடங்கியதற்குக் காரணம், போன வருடம் விட்ட பிழையை இந்த வருடமும் விடக்கூடாது என்பதுதான். போன குளிருக்குக் கார் மெருகேற்றும் சாமான் எல்லாவற்றையும் கராஜுக்குள்ளேயே விட்டுவிட்டேன். ஜனவரியில் எல்லாம் உறைந்து கல்லாகிவிட்டது. ஏப்ரலில் உருகின மெழுகைத் திறந்து பார்த்தால் திரைந்த பால் மாதிரித் தண்ணி வேறு கட்டி வேறாக நின்றது. குலுக்கினால் சரிவரும் என்று நினைத்து ஒருவருடைய புதுக் காரில் பூசினேன். கார் முழுக்க வெள்ளைத் திட்டுகள். அந்த மனிதர் கோயிலில் வைத்து எல்லாருக்கும் படம் காட்டினார். அந்த வெட்கத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இந்தத் தொழில் பழகப் போன வகுப்பில் படிப்பித்தவர் குளிர்காலத்துக்கு முக்கியமாக இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, தண்ணீர் கலந்த சாமான் எதுவும் உறையக் கூடாது. மற்றது இப்போது ஞாபகம் வரவில்லை.

நவம்பர் 14

எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டேன். ஷாம்பு, மெழுகு, பொலிஷ், கண்ணாடி துடைக்கும் மருந்து, சில்லு கழுவும் மருந்து, காரில் ஒட்டிய தார் எடுக்கும் எண்ணெய் எல்லாம் பெட்டி பெட்டியாக, வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்டில் ஃபேர்னஸ் அறைக்குள் இருக்கின்றன. வீட்டுக்கு வெப்பம் தரும் இயந்திரமும் சுடுதண்ணீர்த் தாங்கியும் இருக்கும் அறை அது. எந்தக் குளிருக்கும் அந்த அறை மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். இதைவிட நல்ல இடம் உண்டா?

பேஸ்மென்டில் நிரோஜனும் கௌசிகாவும் வாடகைக்கு இருக்கிறார்கள். கௌசிகாவுக்கு இது எட்டாம் மாதம். முன்பு இருந்த வீட்டுக்காரர், பிள்ளை வரப்போகிறது என்று தெரிந்ததும் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டாராம். வேறு யாரும் கொடுக்கவும் இல்லை. நாங்கள் கொடுத்தோம். "பிள்ளைச் சத்தம் எண்டா வீட்டுக்கு லட்சுமி வந்த மாதிரி" என்று நானே சொன்னேன். இதைப் பெருமைக்காக எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

ஃபேர்னஸ் அறைக்கு அவர்களுடைய நடைவழியால்தான் போக வேண்டும். நிரோஜன் இரவு வேலை முடித்துப் படுத்திருந்தான். கௌசிகா கதவைத் திறந்துவிட்டு, வழியில் கிடந்த சப்பாத்துகளைக் குனிய முடியாமல் காலால் ஒதுக்கினாள்.

"என்ன அங்கிள் இவ்வளவு பெட்டி?"

"சவர்க்காரம் பிள்ளை. உறையாமல் இருக்கத்தான்."

கராஜிலிருந்து தூக்கும்போது ஒரு பெட்டி கையை விட்டு நழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்தது. குளிரில் பிளாஸ்டிக் கானெல்லாம் பிஸ்கற் மாதிரி ஆகிவிடும். திறந்து பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். முதுகு விடவில்லை. சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை.

தார் எடுக்கும் எண்ணெய் உறையாது. அதைக் கராஜிலேயே விட்டிருக்கலாம். ஆனால் பெட்டிகளில் எல்லாம் கலந்து கிடந்தது. யார் இருந்து பிரிப்பது?

நவம்பர் 23

வெளியே மைனஸ் ஒன்பது. என் சாமானெல்லாம் கீழே சொகுசாக இருக்கிறது. நல்ல நித்திரை.

டிசம்பர் 1

கௌசிகா மேலே வந்தாள். படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. ரஞ்சி கதிரையை இழுத்துப் போட்டு இருத்தினாள்.

"அங்கிள், கீழ ஒரு மாதிரி மணக்குது. பெற்றோல் மாதிரி. காலமையில எழும்பேக்க தலையிடி."

"நிரோஜன் என்ன சொல்லுறான்?"

"அவர் பாண் பக்டரியில வேலை செய்து மூக்கே செத்துப்போச்சு. அவருக்கு ஒண்டும் மணக்காது."

நான் சிரித்தேன். "பிள்ளை, இந்த நேரத்தில எல்லாம் மணக்கும். ரஞ்சிக்கு வயித்தில பிள்ளை இருக்கேக்க நான் குளிச்சிட்டு வந்தாலும் மணக்குது எண்டவள்."

கௌசிகாவும் சிரித்தாள். ரஞ்சி சிரிக்கவில்லை. எங்கள் மகன் பிறந்த காலத்தில் அவள் அப்படி ஒன்றும் சொன்னதாக எனக்கும் ஞாபகம் இல்லை.

டிசம்பர் 2

சுடுதண்ணீர்த் தாங்கியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கீழே போனேன். அடியில் இருந்த பெட்டி கொஞ்சம் ஈரம். கொஞ்சம்தான். அதற்குள் சரிந்து கிடந்த தார் எண்ணெய்க் கானைத் தூக்கி எடுத்து நிமிர்த்தி வைத்தேன். கீழே இலவசத் தமிழ்ப் பத்திரிகைகளை அடுக்கி விரித்தேன். ஒரு கிண்ணத்தில் கோப்பித்தூள் கொட்டி மூலையில் வைத்தேன். கோப்பித்தூள் மணத்தைக் குடித்துவிடும் என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறேன்.

வெளியே வரும்போது கௌசிகா கேட்டாள். "எல்லாம் சரியோ அங்கிள்?"

"எல்லாம் சரி."

டிசம்பர் 3

தலையிடி பற்றி இன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 9

மைனஸ் பதினான்கு. பின்பக்கம் குப்பை போடப் போனால் பேஸ்மென்ட் யன்னல் திறந்து கிடக்கிறது! இந்தக் குளிரில்! எங்கள் வீட்டுச் சூடெல்லாம் புகையாக வெளியே போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. போய்க் கதவைத் தட்டினேன். நிரோஜன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான்.

"தம்பி, ஊரையே சூடாக்கிறியளோ? யன்னலைப் பூட்டுங்கோ."

"சொறி அங்கிள், மன்னியுங்கோ. இவதான் திறந்து வைக்கிறா. மூச்சு முட்டுதாம்."

உள்ளே கௌசிகா குளிர்ச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு சோபாவில் படுத்திருந்தாள். படுக்கையறைக் கட்டிலை விட்டுவிட்டு இங்கே ஏன் படுத்திருக்கிறாள் என்று யோசித்தேன். படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஃபேர்னஸ் அறை. அவள் எழும்பி யன்னலைப் பூட்டினாள். நான் மேலே வந்து தேத்தண்ணி குடித்தேன். தேத்தண்ணி வாய்க்குப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 13

வகுப்பில் சொன்ன மற்ற விஷயம் ஞாபகம் வந்துவிட்டது. ஞாபகம் வராமலே இருந்திருக்கலாம்.

தார் எடுக்கும் எண்ணெயையும் அந்த வகைச் சாமானையும் நெருப்புக்குப் பக்கத்தில், காற்றோட்டம் இல்லாத அறையில் வைக்கவே கூடாது. அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிடக் கனமானதால் தரையோடு ஊர்ந்து போய் நெருப்பைத் தேடிப் பிடிக்கும். இதைப் படிப்பித்தவர் தரையில் கையால் பாம்பு மாதிரிக் காட்டினார். நாங்களெல்லாம் சிரித்தோம்.

எங்கள் சுடுதண்ணீர்த் தாங்கி பழையது. அடியில் நீல நிறத்தில் ஒரு சின்னச் சுவாலை எப்போதும் எரிந்துகொண்டிருக்கும்.

சனிக்கிழமை எல்லாவற்றையும் வெளியே எடுக்கிறேன். நிரோஜன் வேலைக்குப் போன பிறகு எடுத்தால் கேள்வி இல்லை. இல்லை, அவன் நின்றால் தூக்க உதவி. ஆனால் என்னவென்று சொல்லுவது? சவர்க்காரம் என்றல்லவா சொல்லி வைத்தேன்.

டிசம்பர் 14

சனிக்கிழமை. பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. கராஜ் வாசலே மூடிப்போயிற்று. அடுத்த கிழமை பார்ப்போம்.

டிசம்பர் 17

பெண் குழந்தை! காலையில் ஆசுபத்திரிக்கு நான்தான் ஓட்டிப் போனேன். நிரோஜன் பின் இருக்கையில் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள் மெதுவா, அங்கிள் கெதியா" என்று இரண்டையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு வந்தான்.

மத்தியானத்துக்குப் பிறகு ரஞ்சியும் நானும் போய்ப் பார்த்தோம். குழந்தையை என் கையில் தந்தார்கள். நான் முதலில் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களைப் பார்த்தேன், காது மடலைப் பார்த்தேன், நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். தாதியிடம், "எல்லாம் சரியோ? மூச்சு எல்லாம் சரியோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"அங்கிள்தான் எங்களைவிடப் பயந்திட்டார்" என்று நிரோஜன் சிரித்தான். அவனுக்கு இங்கே தாய் தகப்பன் இல்லை. என் தோளில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வது?

டிசம்பர் 20

குழந்தையும் தாயும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் ஆசுபத்திரியில் நின்ற நாட்களில் நான் கீழே போய் எல்லாவற்றையும் எடுத்திருக்க வேண்டும். வீடு வெறுமையாக இருந்தது. யாரும் கேட்க மாட்டார்கள். ஏன் எடுக்கவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். முதல் நாள் தடிமன், மூக்கு ஒழுகியது. அடுத்த நாள் வங்கிக்குப் போக வேண்டியிருந்தது. இப்படித்தான்.

ரஞ்சி கீரையும் பிள்ளை பெற்றவளுக்கான சரக்குக் கறியும் காய்ச்சிக் கீழே கொண்டுபோனாள். "நீங்களும் வாங்கோவன், பிள்ளையைப் பாப்பம்" என்றாள்.

"பிள்ளை பிறந்த துடக்கு வீடெல்லோ. முப்பத்தொண்டு நாள் கழியட்டும்."

ரஞ்சி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கோயிலுக்குப் போனாலே காருக்குள்ள இருந்து கும்பிடுற ஆள், துடக்குப் பாக்கிறாராம்."

அவள் சொன்னது சரிதான். செத்த வீட்டுக்குப் போய்விட்டு வந்து குளிக்காமல் சாப்பிட்டவன் நான். ஆனால் கீழே போனால் அந்த நடைவழியால் போக வேண்டும். அந்தக் கதவைப் பார்க்க வேண்டும். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கௌசிகா என்னைப் பார்ப்பாள். துடக்கு, தீட்டு என்று ஒன்று இருப்பது இன்றைக்குத்தான் எனக்கு உதவியாக இருந்தது. எங்கள் முன்னோர்கள் இதற்காகவா அதை வைத்தார்கள்?

டிசம்பர் 28

மைனஸ் இருபத்தொன்று. ஃபேர்னஸ் விடாமல் ஓடுகிறது. கீழே குழந்தை தும்முவது சூட்டுக் காற்று வரும் துவாரத்தால் மேலே கேட்கிறது. ஒவ்வொரு தும்மலுக்கும் எனக்கு ஒரு அடி விழுகிறது.

ரஞ்சி சொல்லுகிறாள், "கௌசிகா ஃபேர்னஸ் அறைக் கதவின்ர நீக்கல் இடுக்கெல்லாம் பசை ரேப் ஒட்டி, கீழ துவாய்த் துண்டும் சுருட்டி வைச்சிருக்கிறாள். பிள்ளைக்குத் தூசி வருமாம்."

கவனமான பிள்ளை என்றேன்.

எடுக்க வேண்டும். நாளைக்கு, நாளையின்றைக்கு. ஒருவருக்கும் தெரியாமல் எடுக்க வழி இல்லை. அதுதான் பிரச்சினை. அதுதான் பிரச்சினையா? என் மானமா பெரிது? எழுதும்போது இந்தக் கேள்வி வருகிறது. புத்தகத்தை மூடினால் போய்விடுகிறது.

ஜனவரி 6

கை எரிகிறது. இடக்கையால் எழுதுகிறேன், எழுத்து கோழி கிளறினது போல் இருக்கிறது. ஆனால் எழுதாவிட்டால் இன்றைக்கு நான் படுக்க மாட்டேன்.

நிரோஜனுடைய மாமி ஒருவர் மார்க்கம் என்ற பக்கத்து நகரத்தில் இருக்கிறார். கிழமைக்கு ஒரு தரம் வந்து குழந்தையை எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டிவிட்டுப் போவார். இன்று காலையும் வந்திருந்தார். நான் மேலே அடுப்படியில் பாண் தின்றுகொண்டிருந்தேன். ரஞ்சியின் தொலைபேசி அடித்தது. கௌசிகா.

"அன்ரி, மாமி கரி மூட்டுறா. பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்டப் போறாவாம். நான் வேண்டாம் எண்டா கேக்கிறா இல்லை. அங்கிளிட்ட ஒருக்காக் கேளுங்கோ, போடலாமோ எண்டு. கெதியாக் கேளுங்கோ அன்ரி."

ரஞ்சி சிரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "இதுக்கும் வீட்டுக்காரரிட்ட அனுமதி கேக்கிறாள், பாருங்கோ."

நான் காலுறையோடு ஓடினேன். பேஸ்மென்டுக்கு இறங்கும் பக்கவாட்டுப் படியில் பனி இறுகிக் கிடந்தது, இரண்டு தரம் விழுந்தேன். கதவு திறந்தபடி இருந்தது. கௌசிகா குளிர்ச் சட்டையைப் போட்டு, குழந்தையைப் போர்வையில் சுற்றி மார்போடு அணைத்தபடி வாசலிலேயே நின்றாள். அவளைத் தாண்டி உள்ளே போனேன்.

மின்னடுப்புச் சுருளில் சிவக்கப் போட்ட கரியை மாமி ஒரு மண் சட்டியில் எடுத்துக்கொண்டு ஃபேர்னஸ் அறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். மற்றக் கையில் சாம்பிராணி.

"மாமி, நில்லுங்கோ! அங்க போகாதேங்கோ!"

"ஏன் தம்பி கத்திறீர்? இஞ்ச வைச்சாத்தானே புகை அலாரம் அடிக்காது. முன்னுக்கு வைச்சா வீடே அலறும்."

அவர் கதவடியில் குனிந்தார். சுருட்டி வைத்த துவாயை ஒரு காலால் ஒதுக்கினார். அந்த மணம் குப்பென்று வந்தது. நான் பாய்ந்து சட்டியைப் பறித்தேன். பிடி துணி ஒன்றும் இல்லை, வெறுங்கை. தோல் பொசுங்குவது தெரிந்தது. விடவில்லை. வாசலுக்கு ஓடிப் பனிக்குள் எறிந்தேன். கரி சீறிக்கொண்டு அணைந்தது.

"என்ன விசரே உமக்கு!" என்று மாமி கத்தினார்.

"காஸ்" என்றேன். "காஸ் லீக் ஆகுது. எனக்கு மணந்தது. எல்லாரும் வெளியில போங்கோ."

அந்தச் சொல் என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை. மாமி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டார். நிரோஜன் படுக்கையிலிருந்து எழும்பி ஓடிவந்தான். விஷயத்தைக் கேட்டதும் நடைவழியில் அப்படியே விழுந்து என் காலைப் பிடித்தான். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

தாயையும் பிள்ளையையும் மேலே எங்கள் அறையில் விட்டோம். யன்னல்களை எல்லாம் திறந்து, சுடுதண்ணீர்த் தாங்கியின் சுவாலையை அணைத்தேன். "காஸ் கொம்பனிக்கு அடிப்பமா அங்கிள்?" என்று நிரோஜன் கேட்டான். "நான் பாத்துக்கொள்ளுறன், நீ மாமியைக் கொண்டுபோய் விடு" என்றேன். அவன் திரும்பி வந்தபோது, ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போய்விட்டான் என்று சொன்னேன்.

அவன் போய்வருவதற்குள் பெட்டி எல்லாவற்றையும் ஒற்றைக் கையால் இழுத்து வெளியே எடுத்தேன். வெடித்த கானிலிருந்து பாதி எண்ணெய் போய்விட்டது. பத்திரிகைகள் ஊறிப்போய்க் கிடந்தன. இத்தனை நாளும் குழந்தை மூச்சு விட்ட இடத்துக்கும் இதற்கும் இடையில் ஒரு மெல்லிய சுவர்.

ஜனவரி 7

தார் எண்ணெய் வகையைப் பின்வளவு இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். உறையக் கூடாதவற்றை எங்கள் படுக்கையறை உடுப்பு அலுமாரியின் அடித்தட்டில் வைத்தேன். எல்லாம் வடிவாக அடங்கிவிட்டன.

ரஞ்சி கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் மறைக்க முடியவில்லை, நேற்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. இன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"இந்த அலுமாரியில இடம் முதலே இருந்ததுதானே."

"உடுப்பெல்லாம் மணக்கும் எண்டு நினைச்சன்."

"ஓம்" என்றாள். "எங்கட உடுப்பு மணக்கும்."

ஜனவரி 10

நான்கு பேர் தொலைபேசியில் பாராட்டினார்கள். மார்க்கம் மாமி ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். கார் கழுவுகிறவர் என்று என்னை அறிமுகம் செய்த அந்த மனிதரும் எடுத்தார். "பாலேந்திரா அண்ணை, நீங்கள் பெரிய மனிசன்" என்றார். இந்த வார்த்தைக்கு எத்தனை வருடம் ஆசைப்பட்டேன்! கேட்டதும் தொலைபேசியை ரஞ்சியிடம் நீட்டிவிட்டேன்.

ஜனவரி 16

முப்பத்தொன்றாம் நாள். துடக்குக் கழிவு. எங்கள் வீட்டு மண்டபத்தில்தான் வைத்தார்கள். ஐயர் வந்து தீர்த்தம் தெளித்தார். குழந்தைக்குத் தலை மழித்து, பொட்டு வைத்து, சின்னத் தங்க வளையல் போட்டார்கள். ஆட்கள் நிறைய. ரஞ்சி வடையும் பாயாசமும் செய்திருந்தாள். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அப்படி ஓடி ஓடிப் பரிமாறினாள்.

சாப்பாட்டுக்கு முன்பு நிரோஜன் எழும்பி நின்றான். அவனுக்கு மேடைப் பேச்சு வராது. "எனக்கு அப்பா இல்லை" என்று தொடங்கி நிறுத்தினான். பிறகு, "அண்டைக்கு அங்கிள் இல்லாட்டி இண்டைக்கு இந்த இடத்தில வேற சடங்கு நடந்திருக்கும்" என்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமி விசும்பினார். கட்டுப் போட்ட என் கையை ஒரு பெரியவர் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் கிடத்தினார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் குளிர்ந்து கிடந்தது. அது என்னைப் பார்த்து வாயைக் கோணி ஒரு சிரிப்புச் சிரித்தது.

எனக்கு அப்போதே எழும்பிச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. பாயாசம் நல்லாயிருக்கிறது என்று யாரிடமோ சொன்னேன்.

கௌசிகா கைதட்டவில்லை. அவள் கையில் குழந்தையின் துவாய் இருந்தது. அதனால்தான் என்று நினைத்தேன்.

ஜனவரி 17

சொல்லிவிட்டேன். இல்லை, சொல்லப் போனேன்.

நிரோஜன் உள்ளே படுத்திருந்தான். கௌசிகா முன்னறையில் குழந்தையின் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தேத்தண்ணி தருவாள், பிறகு சொல்ல முடியாது.

"பிள்ளை, அண்டைக்கு லீக் ஆனது காஸ் இல்லை."

"தெரியும் அங்கிள்."

மடிப்பை நிறுத்தாமலே சொன்னாள்.

"நீங்கள் கோப்பித்தூள் வைச்சிட்டுப் போன அண்டைக்கே நான் உள்ள போய்ப் பாத்தனான். கானில நெருப்புப் படம் போட்டிருந்தது. கீழ எல்லாம் ஈரம்."

"பின்ன ஏன் பிள்ளை சொல்லேல்ல?"

அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நான் ஏதோ விளங்காமல் கேட்கிறேன் என்பது போலப் பார்த்தாள்.

"சொன்னனான்தானே அங்கிள். மணக்குது எண்டு சொன்னனான். நீங்கள் சிரிச்சீங்கள். யன்னலைத் திறந்தன். பூட்டச் சொன்னீங்கள். அதுக்கு மேல நான் என்னெண்டு சொல்லுறது? உங்கட வீடெல்லோ."

ஏசியிருந்தால் தலையைக் குனிந்து வாங்கியிருப்பேன். அடித்திருந்தாலும் நின்றிருப்பேன். அவள் இன்னொரு சின்னச் சட்டையை எடுத்து முழங்காலில் வைத்து நீவினாள். அந்தச் சட்டை என் உள்ளங்கை அளவுதான் இருந்தது. இத்தனை கிழமையும் ஒரு பிள்ளைத்தாய்ச்சி தனியாக ரேப் ஒட்டியும், துவாய் சுருட்டியும், சோபாவில் படுத்தும் என் சாமானோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். அன்று மேலே தொலைபேசி எடுத்துக் கேட்டது அனுமதி இல்லை. வீட்டுக்காரனை மனம் நோக வைக்காமல் தன் பிள்ளையைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது. காப்பாற்றியது அவள். பாராட்டு வாங்கியது நான்.

"நான் நிரோஜனுக்குச் சொல்லுறன்" என்றேன். "இப்பவே எழுப்பிச் சொல்லுறன். அவன் என்னை என்ன செய்தாலும் சரி."

அவள் சடாரென்று எழும்பினாள். படுக்கையறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வேண்டாம் அங்கிள். அவர் ரோசக்காரன். தெரிஞ்சா இண்டைக்கே வெளிக்கிடு எண்டுவார். இந்தக் குளிருக்குள்ள பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் எங்க போறது? பிள்ளையோட ஆர் எங்களுக்கு வீடு தருவினம்?"

"நீங்கள் ஏன் போக வேணும்? இனி அப்பிடி ஒண்டும்..."

"சமர் வரட்டும் அங்கிள், இந்தக் குளிர் போகட்டும். நான் அவருக்கு வேற ஏதும் காரணம் சொல்லிக் கூட்டிக்கொண்டு போயிடுவன். அதுவரைக்கும் நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ. உங்களுக்குப் பாரமா இருக்கும் எண்டு தெரியும்."

என் பாரத்தைப் பற்றியும் அவள்தான் யோசிக்கிறாள். மேலே வந்து கட்டிலில் குந்தியிருந்து அழுதேன். ரஞ்சி பக்கத்தில் வந்து இருந்தாள். முதுகில் கை வைக்கவில்லை.

ஜனவரி 19

விடியப் பெரிய பனி. எழும்பி வந்தால் வெளியே பனி அள்ளும் சவள் சத்தம். நிரோஜன் வேலை முடிந்து வந்த உடுப்போடு எங்கள் வாசலிலிருந்து தெரு வரைக்கும் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தான். என் காரின் மேலிருந்ததைக்கூடத் தட்டித் துடைத்து வைத்திருந்தான்.

"தா தம்பி, நான் செய்யிறன். நீ போய்ப் படு."

சவளைத் தர மாட்டேன் என்றான். "எங்கட பிள்ளைக்காகக் கையைச் சுட்ட மனிசன் பனி தள்ளுறதோ? நான் இருக்கும்வரை அது நடக்காது."

அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டுப் பின்வளவுப் பக்கம் கையைக் காட்டினான். கண்ணெல்லாம் சிரிப்பு.

"அங்கிள், சமர் வந்தோன்ன அந்த மரத்தில பிள்ளைக்கு ஒரு ஊஞ்சல் கட்டுவமே? நீங்களும் நானுமாச் சேந்து?"

பேஸ்மென்ட் யன்னல் பூட்டியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கௌசிகா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றாள்.

"கட்டுவம் தம்பி" என்றேன்.

எப்படியான கயிறு வாங்க வேண்டும், எவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும் என்று அவன் சொல்லிக்கொண்டே பனியைத் தள்ளினான். நான் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.